சிவப்புப் பட்டை

ஹேமக் என்கிற தொங்கு படுக்கையை வாங்க வருகிறவர்கள் துணியைத்தான் தடவித் தடவிப் பார்ப்பார்கள், ஐயா. இரண்டு மரங்களுக்கு நடுவே ஆளைத் தாங்கப்போவது அதைக் கட்டுகிற பட்டைதான் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறாது. முகாம் சாமான் கடையில் இத்தனை வருஷம் நின்று நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

என் தங்கையின் கணவனும் அந்த ரகம். கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவன். கழுத்தில் கேமரா, முகத்தில் ஓயாத இளிப்பு. அதில்தான் அவள் விழுந்தாள். "உனக்கு அவரைக் கண்டாலே ஆகாதுக்கா" என்பாள். ஆகாதுதான். ஊரான் வீட்டுப் பெண்களிடம் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சித் திரிவதெல்லாம் ஒரு பிழைப்பா?

அன்று ஹேமக் வாங்கக் கடைக்கு வந்தான். அகலமான சாம்பல் நிறப் பட்டையைத்தான் முதலில் எடுத்துப் போட்டேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"என்னக்கா, மாடு கட்டவா? அந்தச் சிவப்பைக் குடுங்க. போட்டோல எடுப்பா இருக்கும்."

சிவப்பு, கண்ணாடி ஜன்னலில் அழகுக்குத் தொங்கியது. வருஷக்கணக்காக வெயில் தின்று நாராகிப்போனது. குப்பைக்குப் போகவேண்டியது.

"எங்க கட்டப் போறீங்க, மாப்பிள்ளை?"

"பாறைப் பள்ளத்துக்கு மேல. தொய்வே இல்லாம விறைப்பா இழுத்துக் கட்டணும்."

விறைப்பாக இழுக்க இழுக்கப் பட்டையில் பாரம் பல மடங்கு ஏறும். கொஞ்சம் தொய்வாகக் கட்டுங்கள் என்று வாங்குகிற எல்லோருக்கும் சொல்வேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு பேரைத் தாங்கும்ல? வீட்ல சொல்லிடாதீங்கக்கா."

இன்னொருத்தி யாரென்று நான் கேட்கவில்லை. எவளாயிருந்தால் என்ன? என் தங்கை குடியைக் கெடுக்க வந்தவள்தானே.

"தாராளமா தாங்கும். நல்லா இழுத்துக் கட்டுங்க" என்றேன். சிவப்பைப் பையில் போட்டுக் கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன்.

கல்யாண நாளுக்கு மனைவியை அசத்த நினைத்தான் என்கிறீர்கள். இருக்கட்டும். இப்படிப்பட்டவனோடு சண்டைபோட்டுப் பேசாமல் இருக்கவேண்டிய என் தங்கை, அவன் கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்திருக்கிறாள். அதற்கு நான் பொறுப்பா? அவனுக்குக் கைதான் ஒடிந்தது. பள்ளத்தின் அடிவரைக்கும் போனவள் அவள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறானே, அதை நம்பிவிடாதீர்கள், ஐயா. அவனிடமிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்தது நான் ஒருத்திதான்.