கூரைமேல் ஒரு தகரக்குழாய்

பழைய செங்கல்லுக்குச் சிமெண்ட் ஆகாது, ஐயா. சுண்ணாம்புக் கலவைதான் பூச வேண்டும். இல்லாவிட்டால் நாலு குளிர்காலத்தில் கல் உதிர்ந்துவிடும். எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

பால்டிமோரில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகள் இவ்வளவு முழுசாக நிற்பது எங்கள் தெருவில்தான். சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒன்றைக் கெடுத்தால் எல்லாம் கெட்டதுபோலத்தான். தெருவின் பழமையைக் காக்கும் குழுவுக்கு நான் தலைவர். இது புரியாதவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், மறைக்கவில்லை.

பக்கத்து வீட்டை டெல்ஃபினும் அவள் கணவன் ராலியும் வாங்கினார்கள். நல்ல ஜனங்கள். எனக்குக் காய்ச்சல் என்றதும் நண்டு சூப் கொண்டுவந்தவள் அவள். ஆனால் எரிவாயு ஹீட்டரின் புகை வெளியேறப் புகைபோக்கியின் மேல் ஒரு தகரக்குழாயைச் செருகிவிட்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் பளபளவென்று தெரியும்.

"பின்பக்கமா மாத்திக்கோம்மா," என்றேன்.

"குழாய்தானே, மிஸ்டர் ஹெக்மன்? உங்க மூக்கையா பிடிச்சு இழுத்தேன்?" என்று சிரித்தாள்.

"விடு டெல்ஃபின், மனுஷன் செங்கல்லைத்தான் கட்டிக்கிட்டிருக்காரு. பொண்டாட்டியைச் சொன்னா கோபம் வராதா?" என்றான் ராலி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு எங்கள் வீடுகளைத் திறந்துவிடுவோம். ஊரே வந்து சுற்றிப் பார்க்கும். அன்று காலை என் கூரைக் கதவு வழியே ஏறி அவர்கள் கூரைக்கு நடந்தேன். குழாயைக் கழற்றிவிட்டு, புகைபோக்கியின் வாயைப் பழைய செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசி அடைத்தேன். வேலை அருமையாக வந்தது.

அவர்கள் வெளியூர் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, அப்படிச் சொல்வது சரியல்ல. டெல்ஃபினின் இருமல் சுவர் வழியே கேட்டது. பனி கொட்டியது, ஹீட்டரும் ஓடியது. அது கக்கும் விஷக்காற்று வெளியேற வேறு வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மதியம் விருந்தினருக்கு என் மாடிப்படியைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டுல யாரோ சுவரைத் தட்டுறாங்களே?" என்றாள் ஒரு பெண்.

"பழைய வீடும்மா. குளிருக்கு மரம் முனகும்," என்றேன்.

தட்டல் மெலிந்துகொண்டே போனது. நான் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன். ஓடிப்போய் அடைப்பை உடைத்திருக்கலாம்தான். ஆனால் சுண்ணாம்பு அப்போதுதான் இறுகத் தொடங்கியிருந்தது. உடைத்தால் நூறாண்டுச் செங்கல்லின் விளிம்பு போய்விடும்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த இருவரையும் கொன்றது நான்தான். ஆனால் வீட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. போய்ப் பாருங்கள்.