சரியக்கா

எனக்கு நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். பதற்றப்படாத குரல். எபோலா வார்டில், கவச உடை கழற்றும் அறைக்கு என்னைப் போட்டது அதற்காகத்தான்.

உள்ளே நோயாளிகளைத் தொட்டுவிட்டு வருகிறவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பார். நான் இந்தப் பக்கம் நின்று படிப்படியாக வாசிப்பேன். ஏப்ரன், வெளிக் கையுறை, அங்கி, கண்கவசம், கடைசியில் முகக்கவசம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் குளோரின் தண்ணீரில் கை கழுவ வேண்டும். நான் பார்த்து "சரி" சொன்னால்தான் அடுத்தது. உள்ளே வெந்து, களைத்து வருகிறவருக்குத் தன் கையே தெரியாது. என் கண்தான் அவருக்குக் கண். சொல்லிச் சொல்லி எனக்கு 'சரியக்கா' என்றே பெயர் வந்துவிட்டது.

என் தங்கையும் அங்கே நர்ஸ். தடுப்புக்கு அப்பால் நின்று வம்பிழுப்பாள்.

"சரியக்கா, மூக்கு அரிக்குது. சொறியச் சரி சொல்லுவியா?"

"சொறிஞ்சேன்னா கையை உடைப்பேன்."

"உடை. அப்படியாவது லீவு கிடைக்கும்."

அவளுக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் போய்விட்டாள்.

பெரிய டாக்டர் அறிக்கை எழுதினார். 'இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே காரணம்.' அவ்வளவுதான். கழற்றும் அறையில் இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருவர் தலையில் கட்டியவர் அவர். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, "உக்காந்தா தூக்கம் வரும்மா" என்று சிரித்தவர் அவர். அதெல்லாம் அறிக்கையில் இல்லை. அவர் மனைவி மட்டும் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷி.

அடுத்த மாதம் மேலிடத்துக் குழு ஒன்று பார்வையிட வந்தது. அவர்களுக்குக் காட்டுவதற்காகப் பெரிய டாக்டரும் உள்ளே போய் ஒரு நோயாளியைத் தூக்கி உட்கார வைத்தார். திரும்பி வந்து வெளிக் கையுறையைக் கழற்றியபோது, அதோடு உள் கையுறையும் மோதிர விரலில் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். விரல் நுனியில் நோயாளியின் ரத்தம். அவர் பார்க்கவில்லை. நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னம்மா, சரியா?"

"சரி" என்றேன்.

கையைக் குளோரின் தண்ணீரில் பேருக்கு நனைத்துவிட்டு அங்கியைக் கழற்றினார். கண்கவசத்தைக் கழற்றினார். கண்ணில் இறங்கிய வியர்வையை அந்த விரலாலேயே துடைத்துக்கொண்டார். அதற்கும் "சரி" என்றேன். குரல் பிசகவில்லை.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. வெளியே தெரிந்தால் கௌரவம் போய்விடும் என்று இரண்டு நாள் வீட்டிலேயே மறைத்தார். வாந்தியை அள்ளியது மனைவி. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவரும் இறந்தார்கள். மனைவிக்கு நான் பொறுப்பில்லை. நான் சரி சொன்னது ஒருவருக்குத்தான்.

இந்த விசாரணையில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தங்கை கடைசியாக உள்ளிருந்து வந்த அன்று தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றது நான்தான். கால் கடுத்தது. கண்ணை மூடிக்கொண்டே எல்லாப் படிக்கும் "சரி" சொன்னேன். பெரிய டாக்டருக்கு அது தெரியும்; நானே போய்ச் சொன்னேன். தெரிந்தும் அறிக்கையில் என் பெயரை எழுதாமல் விட்டார்.

அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.