கட்டைவிரலுக்கு மூட்டு மாற்று

குழந்தையின் கால் வளைகிறதோ என்ற பயத்தில் தஞ்சாவூரில் ஓர் எலும்பு டாக்டரிடம் காத்திருந்தேன். முன்வரிசையில் பூதலூரிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி.

“கால் கட்டைவிரலுக்குப் போயி யாராவது ஆபரேஷன் பண்ணிக்குவாங்களா?” என்றார் கணவர்.

“தேஞ்ச மூட்டை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறாங்க. உங்க ரெண்டு முழங்காலுக்கும் வச்சாங்கள்ல, அது மாதிரிதான்.”

“முழங்காலும் விரலும் ஒண்ணா? விரலாலயா நடக்குறோம்?”

“வழுக்குற வரப்புல விரலை ஊணாம நடந்து பாருங்க. குடை பிடிச்சு ஆள் மேய்க்கிறவருக்கு எங்க தெரியும்? தெனம் உங்களுக்குச் சோறு தூக்கிட்டு வர்ற எனக்குத்தான் தெரியும்.”

“நடவு நேரம். அறுப்பு முடியட்டும், பார்த்துக்கலாம்.”

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. இன்னும் தள்ளிப்போட்டா மூட்டு மாத்த முடியாது, விரலை மடங்காம இறுக்கிடுறதுதான் வழின்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

நர்ஸ் அந்த அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். அவர் நொண்டியபடி எழுந்தார். கணவர் அசையவில்லை.

“நீ படுத்துட்டா அடுப்படில யாரு நிப்பா?”

“நீங்கதான். அந்தப் புது முழங்கால் ரெண்டும் வேற எதுக்கு இருக்கு?” என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா தனியாகவே டாக்டர் அறைக்குள் போனார்.