பெரட்டில் கேட்ட குரல்

— வெளிச்சத்தப் பத்தி மட்டும் சொல்லுங்க மாரியாயி. கொழும்புலருந்து ராணுவம் என்னை அனுப்பினது அதுக்குத்தான், வெளங்குதா? மேல போய் என் டிரைவர் நிமலன் படம் எடுத்துக்கிட்டு இருக்கான். அவன் வந்தவுடனே நான் போகணும்.

— வெளிச்சத்த நீங்களே வச்சுக்கங்க கேப்டன் சேர். எனக்கு எங்க வீட்டுக்காரரு வேணும்.

— ஏ புள்ள, கேப்டன்கிட்ட இப்புடியா பேசுறது? கோவிச்சுக்காதீங்க ரஸீன் சேர். செவ்வாக்கிழமையிலருந்து இவ ஒரு வாய் சோறு திங்கல.

— பரவாயில்ல அழகையா கங்காணி, அவங்க பேசட்டும். சொல்லுங்கம்மா.

— தேயிலக் கொழுந்த எடை போட்டுட்டு லயத்து வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தோம் சேர். இவரு வெறகு எடுக்க அந்தா, அந்த டர்பண்டைன் மரக் காட்டுக்குப் போனாரு. காட்டுக்கு மேல வெள்ளையா ஒண்ணு வந்து நின்னுச்சு. சத்தமே இல்ல. நாய்ங்க எல்லாம் லயத்துக்குள்ள ஓடிருச்சு. அப்புறம் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. இவரு வரவே இல்ல.

— யாராவது ட்ரோன் விட்டிருப்பாங்க.

— ட்ரோன பதுளையில கல்யாண வீட்டுலயே பாத்திருக்கேன் சேர். அது வண்டு கணக்கா கத்தும்.

— சரி, கேளுங்க. ஆள் ஒருத்தரக் காணலன்னா, இந்த மலைய மூடிட்டு படையை எறக்கித் தேட எனக்கு அதிகாரம் இருக்கு. இல்லாட்டி, வெளிச்சம் மட்டும்தான், சேதம் இல்லன்னு எழுதிட்டு இன்னைக்கே போயிருவேன். உங்க வீட்டுக்காரரு கிருஷ்ணராஜ் புதன்கிழமை காலையில, வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக்கு வந்ததா தோட்டத்துல சொல்றாங்களே. என்ன கங்காணி?

— வந்தான் சேர். பேரு கூப்பிட்டேன், பதில் சொன்னான்.

— முகத்தக் கண்டீங்களா?

— நமுனுகுல மலைப் பனியில யாரு மூஞ்சி தெரியுது சேர்? கொரல் வந்தா ஆளு வந்த மாதிரி. அப்புறம் யாரும் தேட மாட்டோம்.

— இந்தம்மா அவருக்குப் பதிலா சொல்லியிருந்தா?

— பொய் சொல்லல சேர், அந்தப் பழக்கம் இங்க உண்டு. புருசன் லேட்டானா பொஞ்சாதி சொல்லுவா, அண்ணன் லேட்டானா தம்பி சொல்லுவான். பேரு விழலைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்லையே, பாவம்னு நானும் கண்டுக்கிறதில்ல. ஆனா இவ சொன்னா 'இருக்காரு'ம்பா. அன்னைக்குக் கேட்டது அவன் கொரலேதான். எல்லாரும் 'இருக்கேன்'னு சொல்றப்ப அவன் ஒருத்தன்தான் 'வந்தாச்சுங்கோ'ன்னு இழுப்பான். மொத்தப் பெரட்டும் சிரிக்கும்.

— அன்னைக்கு யாராச்சும் சிரிச்சாங்களா அழகையாண்ணே?

— அத விடு புள்ள.

— சேர் கேக்கட்டும். சிரிச்சாங்களா?

— இல்ல. ஒருத்தரும் சிரிக்கல.

— ஏன்னு நான் சொல்றேன் சேர். பதில் வரலன்னாத்தான் தேடுவாங்கன்னு, அன்னைக்கு நான் முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு நின்னேன். ஆம்பளைங்க எல்லாம் எங்களுக்குக் கீழ, ரோட்டோரமா நின்னாங்க. ஆனா கொரல் மேல இருந்து வந்துச்சு. அந்தக் காட்டு மரத்துக்கெல்லாம் மேல இருந்து.

— கங்காணி, உண்மையா?

— ஆமாங்க சேர். பயத்துல அவன் பேரப் போட்டுட்டு அடுத்த பேரக் கூப்பிட்டுட்டேன்.

— நீங்க பேரப் போட்டீங்க, ஊரே சும்மா இருந்துருச்சு. பதில் சொன்னாப் போதும், யாரும் தேடி வரமாட்டாங்கன்னு மேல நின்ன அது நம்மகிட்டயே படிச்சுக்கிச்சு அண்ணே. எனக்கு அதுதான் பயமா இருக்கு.

— அழாதீங்கம்மா. மலையில எதிரொலி எங்கிருந்தும் வரும். ஆனா முகத்த ஒருத்தரும் காணாதபடியா, இனி இத நான் விடமாட்டேன். நாளைக்குக் காலையில படையைக் கூட்டியாறேன், வெளங்குதா?

— நீங்க நல்லா இருக்கணும் சேர். ஆனா பனி எறங்கிருச்சு. உங்க டிரைவர் தம்பி மேல போயிருக்குன்னீங்களே, எங்க?

— அந்தக் காட்டுலதான். புல்லு கருகியிருக்குன்னு சொன்னாங்க, அதப் படம் எடுக்க அனுப்பினேன்.

— தனியாவா சேர்?

— பயப்படாதீங்க, இப்ப கூப்பிடுறேன். நிமலன்! போதும், எறங்கி வா! நிமலன்! கேக்குதாடா?

— வந்தாச்சுங்கோ...