லயத்து வாசல்வரை வந்த தபாற்காரர்

அவைத் தலைவர் கணபதி கங்காணியார் அவர்களே, மடவளையிலிருந்து இந்த மழையிலும் வந்திருக்கும் மறைந்தவரின் மைத்துனர் அஸீம் அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து நிற்கும் தோட்டத்துத் தாய்மாரே, சகோதரரே! கடிதங்களுக்கு முத்திரை குத்திப் பழகிய தபாலதிபர் நான். மேடை எனக்குப் புதிது. பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது தபாற்காரர், மடவளை ஸெய்னுலாப்தீன் அவர்கள் போய்விட்டார்! இந்த முப்பத்தைந்தாம் ஆண்டின் மலேரியாக் காய்ச்சல் எத்தனையோ வீடுகளை இருட்டாக்கியது. அவர் வீட்டையும் விடவில்லை. மனைவி சித்தி றலியா கணவரை இழந்து வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கிறார், இங்கே வர முடியாது. அந்தத் தங்கைக்கு நான் என்ன ஆறுதல் சொல்வேன்?

அவர் வருமுன் இந்தத் தோட்டத்தின் தபால் எப்படி வந்தது? மறந்துவிட்டீர்களா? பூட்டிய பை ஒன்று தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே கிடக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. ஊரில் அண்ணனுக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்த பிறகு கல்யாணக் கடிதம் கையில் கிடைத்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள்.

ஸெய்னுலாப்தீன் இதைப் பொறுக்கவில்லை. “சேர், பேரெழுதின கடதாசி பேருக்குரிய ஆள்ட கைக்குப் போகோணும். நடுவுல புடிச்சி வெக்க அவங்க ஆரு?” என்று என் மேசைக்கு முன்னால் நின்றார். நான் மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினேன். அவர் நடந்தார்! அட்டை கடித்த காலோடு, நனைந்த சட்டையோடு, லயம் லயமாக, வீட்டுக்கு வீடு நடந்தார். கொடுத்தார், வாசித்தார், பதிலும் எழுதித் தந்தார்.

இனிச் சொல்லப்போவது இரங்கல் கூட்டத்தில் சொல்லும் பேச்சல்ல என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளுங்கள்! அவரும் ஒரு கடிதத்தைப் பிடித்து வைத்தார். அதைத்தான் தோட்டத்து ஆபீசார் இன்று அவருக்கு எதிராகப் பேசுகிறார்கள். “அவனே பிடித்து வைத்தானே, பை பழையபடி ஆபீசுக்கே போகட்டும்” என்கிறார்கள். அவர் திறந்த வழியை அவருடைய குற்றத்தைச் சொல்லியே அடைக்கப் பார்க்கிறார்கள். ஆகவே நடந்ததை இந்தச் சபை கேட்கத்தான் வேண்டும்.

சாவுச் செய்தி என்றால் கடிதத்தின் மூலையில் கரி தடவி அனுப்புவது உங்கள் வழக்கம். வாங்குகிறவர் அதை வாசலுக்கு வெளியே நின்று வாசித்துக் கிழித்துப் போடுவார். ஸெய்னுலாப்தீன் இந்த வழக்கம் தெரிந்தவர். சோறு உண்ணும் வீட்டுக்குக் கரிக் கடிதத்தை நீட்டமாட்டார். கை கழுவும்வரை மழையில் நிற்பார். ஒரு நாள் வேலாயி அம்மாவுக்கு அப்படியொரு கடிதம் வந்தது. அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தார். பச்சை உடம்புக்காரியிடம் எப்படிக் கொடுப்பது? எழுந்து நடமாடட்டும் என்று தமது பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

கொடுத்த நாளில் வாசித்ததும் அவரே. “ஆத்தாவுக்கு ரொம்ப முடியல. உன்னப் பாக்கணும்னு உசிரப் புடிச்சிக்கிட்டிருக்கு. உடனே பொறப்பட்டு வா.” ஐயோ, அது சாவுக் கடிதமே அல்ல! மழையில் நனைந்த கடிதக் கட்டுக்குள், பக்கத்தில் கிடந்த வேறொரு கடிதத்தின் கரி இதிலும் அப்பியிருந்தது.

“இது என்னைக்கு வந்துச்சு நானா?” என்று, அண்ணன் முறை சொல்லி, வேலாயி அம்மா கேட்டார். இன்று காலை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? அவர் சொல்லவில்லை. “போன கெழமயே வந்த, தங்கச்சி. நாந்தான் குடுக்காம வெச்சிக்கிட்டிருந்த.” அம்மா கைப்பிள்ளையோடு அக்கரை ஊருக்குக் கப்பலேறினார். ஊர் போய்ச் சேருமுன்னே ஆத்தாளை எடுத்துவிட்டார்கள்.

அவர் என்னிடம் வந்து, “என்னயப் பத்தி மேலிடத்துக்கு எழுதுங்க சேர்” என்றார். “ஏன் காணும், என்ன செய்தனீர்?” என்றேன். எல்லாவற்றையும் சொன்னார். எழுதினேன், அது என் கடமை. கண்டி நகரில் தலைமைத் தபாற்காரராகப் போக இருந்த மனிதருக்கு அந்தப் பதவி இல்லையென்றார்கள். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுநாளும் இந்த மலைக்கே ஏறினார்.

வேலாயி அம்மா அதன்பின் அவர் கையிலிருந்து கடிதம் வாங்கியதில்லை. வாசலில் ஒரு கல். அவர் அதன்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பார். அம்மா வந்து எடுப்பார். வருடக்கணக்காக இப்படித்தான். எனக்கு அம்மாமீது கோபங்கூட வந்தது. அவருக்கு வரவில்லை. கரியோ மஞ்சளோ, அன்று வந்த கடிதத்தை அன்றே கொடுத்தார்.

போன மாதம் காய்ச்சலோடுதான் மலையேறினார். “போய்ப் படும், காணும்” என்று அதட்டினேன், கேட்டால்தானே! கல்லில் கடிதத்தை வைக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. வேலாயி அம்மா ஓடிவந்து, “கல்லுல வேணாம் நானா, இங்க குடுங்க” என்று கையை நீட்டினார். அன்று திரும்பி வந்து என்னிடம் அதைச் சொன்னபோது அவர் அழுதார். அதன்பின் அவர் இந்த மலைக்கு வரவில்லை.

இன்று இந்தக் கூட்டத்துக்குள் நுழையும்போது அந்த அம்மாவே என்னை மறித்தார். “என் கடுதாசியச் சாக்கா வச்சி எங்க தபால ஆபீசுக்குக் குடுத்துறாதீங்க ஐயா. நானா தப்புப் பண்ணினாரு, வாசல்ல நின்னு எங்கிட்டச் சொன்னாரு. ஆபீசுல எத்தன கடுதாசி கெடந்துச்சு, எவரு வந்து சொன்னாங்க?”

கேட்டீர்களா? ஆத்தாளின் முகத்தைப் பார்க்க முடியாமற் போனவர் சொல்கிறார்! இதற்குமேல் மேலிடத்துக்கு நான் என்ன சாட்சி எழுதுவேன்? அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதன்கீழ் அவர் கைநாட்டு வைப்பார். நீங்களும் வையுங்கள்.

பதில் வரும்வரை ஒரு பையும் ஆபீசுக்குப் போகாது. தபால் கந்தோரைப் பூட்டிவிட்டு மாலையில் நானே ஏறி வருவேன். எனக்கு முழங்கால் வலி. மெதுவாகத்தான் வருவேன், திட்டாதீர்கள். வேலாயி அம்மா, நாளைக்கு உங்கள் வாசலுக்கு வருவேன். அந்தக் கல்லில் ஒன்றையும் வைக்கமாட்டேன். கையை நீட்டுங்கள்.