தெளிவாகாத படகு

பாலையூற்றில் என் வீட்டுக்கு வழமையாக வருபவர் மின்மானி பார்க்கிறவர் ஒருவர்தான். அதனால் சுஹைரா முதன்முதலில் வந்து நின்றபோது, முன்னறைக் கதிரையில் கிடந்த துணிகளை எடுக்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, செய்மதிப் படங்களைக் கூர்மையாக்குவது என் தொழில். மங்கலான வண்ணப் படத்தை, அதே இடத்தின் நுணுக்கமான கறுப்பு வெள்ளைப் படத்தோடு கணினியில் இணைப்பேன். வெறும் புள்ளியாகத் தெரிந்தது என்னவென்று அப்போது பிடிபடும். குச்சவெளியிலிருந்து போன நஸ்ரியின் படகு திரும்பாதபோது, மீனவர் சங்கம் அவருடைய மனைவி சுஹைராவை என்னிடம் அனுப்பியது அதற்காகத்தான்.

"ஏதும் தெரியுதா சேர்?"

"படம் இன்னும் தெளிவில்லை. நாளைக்கு வாங்கோ."

மறுநாளும் வந்தார். மாமனார் அபூதாஹிர் வாசலில் ஆட்டோவில் காத்திருந்தார். சுஹைரா இடியப்பப் பொதி ஒன்றை மேசையில் வைத்தார்.

"தனியாத்தானே இருக்கிறீங்க. சாப்பிடுங்க சேர்."

சாப்பிட்டாயா என்று என்னை யாரும் கேட்டுப் பதினொரு வருடம்.

ஒன்பது நாள் வந்தார். திரையில் கடலைக் காட்டி விளக்குவேன், கவனமாகக் கேட்பார். நஸ்ரி கோபக்காரர், ஆனால் மகள் அம்ராவுக்குத் தலைவாரி விடுவார் என்றெல்லாம் கதைப்பார். நானும் கதைத்தேன். சங்கத்தினர் தொலைபேசியில் கேட்டபோது, தெற்கே மூதூர்ப் பக்கம் தேடச் சொன்னேன்.

படகு வடகிழக்கே இருந்தது. முதல் நாள் படத்திலேயே அதிலிருந்த செம்மஞ்சள் தார்ப்பாய், எங்கள் பக்கத்துப் படங்கு, தெளிவாக விழுந்திருந்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூரம் அள்ளுண்டு போனது என்றும் அளந்து வைத்திருக்கிறேன். அளவுகளில் பிழை இருக்காது. நான்காம் நாள் அந்தப் படங்கைப் படகின் நீளத்துக்கு விரித்துக் கட்டியிருந்தார்கள். மேலிருந்து யாராவது பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். நான் பார்த்தேன்.

சொல்லாமல் விடுவதென்று நான் ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

பத்தாம் நாள் வேறு மீனவர்கள் படகைக் கண்டெடுத்தார்கள். நஸ்ரியும் கூடப்போன றம்ஸானும் தண்ணீரில்லாமல் இறந்திருந்தார்கள். நஸ்ரியின் உயிர் போய் ஒரு நாள்கூட ஆகவில்லை என்று வைத்தியர் சொன்னாராம்.

சுஹைரா இப்போது இத்தா இருக்கிறார். கணவனை இழந்தவர்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள். அது முடியட்டும். இதையெல்லாம் அவரிடம் நானே எடுத்துச் சொன்னால், அவர் திரும்பவும் வருவார்.