இரண்டு நாள் மூத்தவள்

உங்கள் அறையில் இருக்கும் எடை இயந்திரம் ஐம்பது கிராம் குறைத்துக் காட்டுகிறது, லொரெய்ன். பதினேழு மாதமாக இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க் குழந்தைகளை முப்பது வருடமாக நிறுத்துப் பார்க்கும் செவிலியிடம் ஓர் இயந்திரத்துக்காகச் சண்டை பிடிப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். உன் தோழி டீகனின் மகன் ஃபெர்கஸையும் அதில்தானே போட்டேன் என்பீர்கள். அவனுக்குச் சரியாகத்தான் காட்டியது.

நேற்று நீங்கள் என்னை வாசலில் நிறுத்தி மெதுவாகக் கேட்டீர்கள். "அந்தப் பையன் நல்லாதான் எந்திரிச்சு நிக்கிறான். அப்புறம் உன் மூஞ்சியப் பாக்குறான், உடனே உக்காந்துடுறான். பெத்தவ பக்கத்துல நிக்கிறா, உன்னை எதுக்குப் பாக்குறான் ரெனே?"

என் மகள் மேபலுக்குப் பசிக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன். அது பொய். அவள் அப்போதுதான் ஒரு முழு வாழைப்பழம் தின்றிருந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை டீகன் தன் மகனை மூன்று மணி நேரம் காரோட்டி ஹோபார்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போகிறாள். அவன் இன்னும் நடக்காததால் இடுப்புக்குப் படம் எடுப்பார்களாம். மயக்கமருந்து கொடுத்துத் தலையையும் பார்ப்பார்களாம். அதற்கு முன் உங்களுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று மேபலையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு ஒரு குறையும் இல்லை.

நான் நியாயமான ஆள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பதினொரு வருடமாக சனிக்கிழமைகளில் நெட்பால் ஆட்டங்களுக்கு நடுவராக இருக்கிறேன். என் சொந்தத் தங்கை விதியை மீறிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்துவைத்தபோதும் விசில் ஊதியவள் நான். அந்த விசில் எப்போதும் என் கழுத்தில்தான் கிடக்கும். கல்யாணப் புகைப்படத்தில்கூடக் கழற்றச் சொல்லி என் அம்மா கெஞ்ச வேண்டியிருந்தது.

எங்களைச் சேர்த்துவைத்ததே நீங்கள்தான். முதல் பிரசவம் ஆன எட்டுப் பேரைத் தேதி பார்த்துப் பொறுக்கியெடுத்து, வாரம் ஒருநாள் ஒரே விரிப்பில் குழந்தைகளைக் கிடத்தச் சொன்னீர்கள். ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் என்றீர்கள். ஆளுக்கொரு நீலப் புத்தகமும் கொடுத்தீர்கள். முதலில் சிரித்த தேதி, முதலில் புரண்ட தேதி, முதல் பல், முதல் நடை என்று கட்டம் கட்டமாகப் போட்டு, பின்பக்கத்தில் எடைக் கோடுகளையும் வரைந்து கொடுத்துவிட்டு, "யாரோடயும் ஒப்பிட்டுப் பாக்காதீங்கம்மா" என்றீர்கள். அன்று நாங்கள் எட்டுப் பேரும் தலையாட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தோம்.

டீகன் பெருமை பீற்றிக்கொள்பவள் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அவள் கவலைப்படுவாள். பிறந்து ஏழாவது வாரம் கண்ணை உருட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஃபெர்கஸ் ராத்திரி ஏழு மணிக்குப் படுத்தா விடிஞ்சுதான் முழிக்கிறான் ரெனே. எனக்குப் பயமா இருக்குடி. இப்படித் தூங்குனா ஏதாவது கோளாறா இருக்குமோ?" நான் அந்த வாரம் மொத்தமாகச் சேர்த்தே பதினொரு மணி நேரம் தூங்கியிருந்தேன். ஒரு கோளாறும் இருக்காது என்று ஆறுதல் சொன்னேன்.

நான்காம் மாதம் பல்லுக்குக் கவலைப்பட்டாள். "இவ்ளோ சீக்கிரமா ரெண்டு முளைச்சா சீக்கிரமே விழுந்துடுமோ?" அவன் எடை உங்கள் கோடுகளில் மேல்கோட்டையும் தாண்டியபோது பக்கம் போதுமா என்று கவலைப்பட்டாள். மேபல் கீழிருந்து இரண்டாவது கோட்டில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தாள். "சின்னதா, அழகா, பொம்மையாட்டம் இருக்கா. நீ குடுத்துவச்சவடி" என்றாள் டீகன். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனைக்கும் மேபல்தான் மூத்தவள். மே பன்னிரண்டு. ஃபெர்கஸ் பதினான்கு. இரண்டு நாள் என்பது உங்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். பெற்றவளுக்கு அப்படியில்லை.

குழந்தைகளுக்கு ஒரு வயது முடிந்ததும் டீகன் பல் ஆஸ்பத்திரி வரவேற்பறை வேலைக்குத் திரும்பினாள். வாரம் நான்கு நாள். எனக்கு இன்னும் விடுப்பு இருந்தது. ஃபெர்கஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவன் மேல் எனக்கு உயிர். வெஜிமைட் தடவிய டோஸ்ட்டை விரல் விரலாக நறுக்கிக் கொடுத்தால் ஒரு துண்டு எனக்கும் ஊட்டிவிடுவான்.

ஜூன் பதின்மூன்றாம் தேதி, குளிர்கால மத்தியானம். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. மேபல் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நாட்களில் அவளும் எதையாவது பிடித்து எழுந்துகொண்டே இருப்பாள். ஃபெர்கஸ் சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கையில் ஒரு கமலா ஆரஞ்சு. அதை என்னிடம் நீட்டினான். நான் தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், எட்டவில்லை. சோபாவை விட்டான். ஓர் அடி. இரண்டு. மூன்று. நான்காவது அடியில் வாயெல்லாம் சிரிப்பாக என் பக்கம் கையை நீட்டினான்.

விசில் என் வாய்க்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஊதினேன். ஆட்டத்தில் ஊதும் அளவுக்குத்தான் ஊதினேன், கூடுதலாக இல்லை.

அவன் தொப்பென்று உட்கார்ந்தான். மேபலும் உட்கார்ந்தாள். அவன் அழவில்லை. ஆரஞ்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கிற முகம். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் விதி என்று பார்த்தால் கையில் உருண்டையாக ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு அடி நடந்தது அவன்தான். பழத்தை உரித்து இரண்டு குழந்தைகளுக்கும் சரிபாதியாகக் கொடுத்தேன். அதில் நான் பாரபட்சம் காட்டவில்லை.

மாலையில் டீகன் வந்து அவனை அள்ளிக்கொண்டாள். "என் ராசா இன்னிக்கு என்ன பண்ணுனான்?"

"ஆரஞ்சு தின்னான்" என்றேன். அது பொய்யில்லை.

அவள் போனதும் மேபலின் நீலப் புத்தகத்தை எடுத்து, முதல் நடை என்ற கட்டத்தில் ஜூன் பதினொன்று என்று பேனாவால் எழுதினேன். அன்று அவள் என் இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தைத் தூக்கினாள். கீழே வைத்தாளா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நடுவர் நான், வைத்தாள் என்று தீர்ப்பளித்தேன். குழுவிலும் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். டீகன்தான் அதிக நேரம் தட்டினாள்.

ஒரு வாரம்தான் என்று நினைத்தேன். மேபல் நடந்துவிட்டால் பிறகு அவன் ஓடினால்கூட எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மாதக் கடைசியிலிருந்து மேபலுக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து போவதில் ஆசை வந்துவிட்டது. நாம் என்ன செய்ய முடியும். அதனால் ஃபெர்கஸ் எழும்போதெல்லாம் ஊத வேண்டியதாயிற்று. மூன்றாவது வாரம் ஊதவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கையை விசிலுக்குக் கொண்டுபோனாலே உட்கார்ந்துவிடுவான். அப்புறம் பார்வையே போதும். கெட்டிக்காரப் பையன், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

மற்ற நாட்களில் வீட்டில் நடந்திருப்பானே என்று கேட்பீர்கள். நானும் அதற்குப் பயந்தேன். ஆனால் நான்கு நாள் பிள்ளையைப் பிரிந்திருக்கிற குற்ற உணர்ச்சியில் டீகன் அவனை இடுப்பைவிட்டு இறக்குவதில்லை. சனிக்கிழமை நான் நடுவராக இருக்கும் ஆட்டத்தைப் பார்க்க அவனைக் கூட்டிவந்துவிடுவாள். காலை முழுக்க நான் விசில் ஊதுவேன். அவன் புல்வெளியில் அசையாமல் உட்கார்ந்திருப்பான். "எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கு பாரு" என்று தெரியாதவர்கள்கூடப் பாராட்டுவார்கள்.

போன மாதம் டீகன் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். தேநீர் ஆறிப் போனது. "நான் வேலைக்குப் போனதுனாலதான் இப்படி ஆச்சா? சொல்லுடி. மேபலுக்கு நடக்கத் தெரியும், அவளுக்குப் பிடிக்கல, அது வேற. இவனுக்குத் தெரியவே இல்லையே. மேபலைப் பாத்தாலே எனக்குப் பொறாமையா இருக்கு ரெனே. உன்கிட்ட சொல்லாம நான் யார்கிட்ட சொல்ல?"

அவளைக் கட்டிக்கொண்டேன். மறைக்காமல் சொல்கிறேன், பிரசவத்துக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நிமிடம்தான். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நானும் அழுதேன். இரண்டும் உண்மை. இத்தனை நாளில் முதல்முறையாக அவள் நிஜமாகக் கவலைப்பட்டாள், எங்கள் நட்பும் அன்றுதான் பலப்பட்டது என்று நினைக்கிறேன். இதைச் செய்ததால் அவளுக்குக் கிடைத்த நன்மையையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் மயக்கமருந்து என்பது வேறு விஷயம். ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தை. எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவனை நடக்கவிடாமல் செய்தது நான்தான். நான்கு மாதம், தெரிந்தே செய்தேன். டீகனிடம் நானே சொல்கிறேன். தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டேன், வந்துகொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவாளா என்று தெரியவில்லை, அதுதான் எனக்கு வலிக்கிறது. இந்த விசிலை உங்கள் மேசையிலேயே வைத்துவிடுகிறேன். ஃபெர்கஸை நான் இல்லாத அறையில் நிறுத்தி, கையில் ஒரு கமலா ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு, அவன் அம்மாவைத் தூரமாக உட்காரச் சொல்லுங்கள். நடந்து வருவான். அவன் புத்தகத்தில் ஜூன் பதின்மூன்று, நான்கு அடி என்று எழுதுங்கள். நான் சாட்சி.

மேபலின் புத்தகத்தைத் திருத்த வேண்டாம். அது பதினொன்றாம் தேதிதான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இதோ பாருங்கள், உங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். ஒரு கையையும் எடுத்துவிட்டாள். என்னைத்தான் பார்க்கிறாள், என்ன செய்வதென்றாலும் அவளுக்கு முதலில் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு பிரியம். சரி, உட்கார்ந்துவிட்டாள். நடக்கத் தெரிந்தவளுக்கு என்ன அவசரம்.